கலந்த குடும்பமும் வீட்டுக் கதவும்

(வானொலியில் ஒலிபரப்பான உரை)



ஞாயிறு திருப்பலியின் முடிவில் ஓலை வாசிக்கும்போது கோவிலில் ஒரு தனி அமைதி வரும். மறையுரைக்குக்கூட அந்த அமைதி கிடைப்பதில்லை. மணமகன் பெயர், மணமகள் பெயர் இரண்டையும் கேட்டதோடு யாரும் நின்றுவிடுவதில்லை. தகப்பனார் யார், எந்த ஊர், எந்தப் பங்கு என்று காது கூர்மையாகிறது. கடற்கரைப் பங்கா, உள்நாட்டுப் பங்கா? ஊர்ப் பெயர் ஒன்று போதும், மீதியை நாமே கணக்குப் போட்டுக்கொள்வோம். கணக்கு சரியாக வராவிட்டால் கோவில் முற்றத்திலேயே விசாரணை தொடங்கிவிடும். ஓலை வாசிப்பது, அந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் உண்டா என்று அறிவதற்காக. நாமோ திருச்சபைச் சட்டத்தில் எங்கும் இல்லாத ஒரு தடையைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இன்று நான் பேச விரும்புவது அந்தக் கணக்கில் அடங்காத குடும்பங்களைப் பற்றி. சாதி மாறி, சமயம் மாறி, மொழி மாறி, இப்போது நாடும் நிறமும் மாறி அமைகிற குடும்பங்கள். இது நமக்குப் புதிய சங்கதி போலப் பேசுகிறோம். நம் மாவட்டமே 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்கு முன் திருவிதாங்கூர். விளவங்கோடு, கல்குளம் பக்கம் மாமியார் மலையாளத்தில் திட்ட, மருமகள் தமிழில் பதில் சொன்ன வீடுகள் எத்தனையோ உண்டு. இன்று நம் பிள்ளைகள் செவிலியராக, பொறியாளராக, கப்பல் வேலைக்காரராக உலகமெங்கும் போகிறார்கள். சிலர் அங்கேயே துணை தேடிக்கொள்கிறார்கள். விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளை, பாட்டியிடம் எந்த மொழியில் பேசுவது என்று தெரியாமல் சிரித்துக்கொண்டு நிற்கிறது. பாட்டியும் சிரிக்கிறாள். அந்த அளவில் நின்றால் நல்லதுதான். பல வீடுகளில் அந்தப் பேரப்பிள்ளை வருவதே இல்லை.

இத்தகைய குடும்பங்களில் சிக்கல் வந்தால் யாரைக் குணப்படுத்துவது? இந்தக் கேள்விக்குக் கடந்த எழுபது ஆண்டுகளில் உளவியலாளர்கள் ஒரு புதிய பதில் கண்டார்கள். அதைத்தான் குடும்ப சிகிச்சை என்கிறோம்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். நான் கற்பனையாகச் சொல்லும் வீடு இது. உங்கள் பக்கத்து வீட்டைத் தேட வேண்டாம். அம்மா கடற்கரைக் கத்தோலிக்கப் பெண். அப்பா தக்கலைப் பக்கத்து இந்து. ஒன்பது வயதில் ஒரு மகன். ஞாயிறு காலை ஆனால் அவனுக்கு வயிற்றுவலி. மருத்துவரிடம் காட்டியாகிவிட்டது (முதலில் காட்ட வேண்டியது அவரிடம்தான்), வயிற்றில் கோளாறு ஒன்றும் இல்லை. கோவிலுக்குப் போனால் அப்பாவின் அம்மா அன்று முழுவதும் முகம் கொடுத்துப் பேசமாட்டாள். போகாவிட்டால் அம்மாவின் அம்மா தொலைபேசியில் அழுவாள். பையன் வாயால் சொல்ல முடியாததை வயிறு சொல்கிறது. அவன் வீட்டில் கிடந்தால் யாருக்கும் கோபம் இல்லை, எல்லோரும் அவனைச் சுற்றி உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்த வீட்டில் அவன் வலிதான் சமாதான உடன்படிக்கை.

அர்ஜென்டினாவில் பிறந்து அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பணிசெய்த சால்வதோர் மினூச்சின் என்ற மருத்துவர், இத்தகைய பிள்ளைகளைத் தனியே அழைத்துப் பேசுவதை விட்டுவிட்டு, மொத்தக் குடும்பத்தையும் ஒரே அறையில் உட்கார வைத்தார். யார் யார் பக்கத்தில் உட்காருகிறார், யார் பேசும்போது யார் குறுக்கிடுகிறார் என்று பார்த்தார். 1974-இல் வெளிவந்த அவருடைய நூல் இத்துறையில் இன்றும் பாடநூல். மரே போவன் என்ற இன்னொரு மருத்துவர் 'முக்கோணம்' என்று ஒன்றைச் சொன்னார். இரண்டு பேருக்கு இடையில் இறுக்கம் கூடும்போது, அவர்கள் மூன்றாவது ஒருவரை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் அது பிள்ளையாக இருக்கும். சில நேரம் மாமியார். சில நேரம், சொல்லத்தான் வேண்டும், பங்குத்தந்தை.

மேல்நாட்டில் இப்படி நூல் எழுதுவதற்கு முன்பே நம் நாட்டில் இது நடைமுறையில் இருந்தது. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையின் பொறுப்பில் இருந்த மருத்துவர் வித்யா சாகர், மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரங்கள் அடித்து, நோயாளியோடு அவர்கள் வீட்டாரையும் தங்க வைத்தார். அதுவரை நோயாளியைக் கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் போன உறவினர்கள், கூடவே இருந்து சமைத்து, பேசி, பார்த்துப் பழகினார்கள். நோயாளிகள் வீடு திரும்பினார்கள். நம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையமும் தொடக்கம் முதலே, நோயாளியோடு வீட்டார் ஒருவர் தங்குவதை வழக்கமாக்கியது. பெங்களூரு நிம்ஹான்சில் குடும்பங்களுக்கென்றே தனிப்பிரிவு இருக்கிறது.

ஆனால் குடும்பம் என்று எல்லோரும் மனத்தில் வைத்துக்கொண்டது ஒரே இனம், ஒரே வழக்கம் உள்ள வீட்டைத்தான். மோனிகா மெக்கோல்ட்ரிக் போன்றோர் 1982-இல் ஒரு நூல் கொண்டுவந்து, குடும்பத்தின் பின்புலம் தெரியாமல் சிகிச்சை தர முடியாது என்றார்கள். அழுவது ஓரினத்தில் அன்பு, இன்னோர் இனத்தில் அவமானம். இரண்டு பின்புலம் ஒரே கூரையின்கீழ் வந்தால் என்ன ஆகும் என்பதைத் தம் வாழ்நாள் ஆய்வாக எடுத்துக்கொண்டவர் மரியா ரூட். மணிலாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த கலப்பினப் பெண்மணி. மருத்துவ உளவியலாளர், சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். கலப்பின மக்களைப் பற்றி 1992-இல் ஒரு நூலைத் தொகுத்தார். இனம் கடந்து மணந்தவர்களையும் அவர்கள் வீட்டாரையும் பேட்டி கண்டு 2001-இல் இன்னொரு நூல் எழுதினார்.

அந்த இரண்டாவது நூலில் அவர் குடும்பங்களை நான்காகப் பிரிக்கிறார். திறந்த குடும்பம், திறந்ததுபோல் தோன்றும் குடும்பம், மூடியதுபோல் தோன்றும் குடும்பம், மூடிய குடும்பம். அமெரிக்காவில் வெள்ளையர், கறுப்பர், ஆசியர் நடுவே கண்டதை அவர் எழுதினார். எனக்கோ அதை வாசிக்கும்போது நம் தெருக்கள்தான் கண்முன் வந்தன.

திறந்த குடும்பத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். மருமகள் யாராக இருந்தாலும் மகனுக்கு ஏற்றவளா என்று மட்டும் பார்ப்பார்கள். நம்மிடையே உண்டு, குறைவு.

திறந்ததுபோல் தோன்றும் குடும்பம் நம்மிடம் நிறைய. இந்த வீட்டுத் தகப்பனார் அன்பியக் கூட்டத்தில் சமத்துவத்தைப் பற்றி அருமையாகப் பேசுவார். மகளின் தோழர்கள் எல்லோரும் வீட்டுக்கு வரலாம், சாப்பிடலாம். அதே மகள் ஒருநாள் ஒரு பெயரைச் சொல்லும்போது, "எனக்கு ஒண்ணும் இல்ல மக்களே, ஆனா நாலு ஆளுவ என்ன சொல்லுவாவ?" என்பார். அந்த நாலு பேர் யார் என்று நானும் பல ஆண்டுகளாகத் தேடிப் பார்க்கிறேன். அவர்களைக் கேட்டால், அவர்களும் வேறு நாலு பேரைக் காட்டுகிறார்கள். இந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் காயம் ஆழமானது. கதவு திறந்திருக்கிறது என்று நம்பி ஓடிவந்து முகத்தில் அடிபட்டவர்கள் இவர்கள்.

மூன்றாவது வகை இதற்கு நேர்மாறு. முதல் நாள் பெரிய ஆர்ப்பாட்டம். படத்தைச் சுவரிலிருந்து இறக்குவார்கள். "அவ செத்துப் போனா" என்பார்கள். சொக்காரர்கள் கூடிப் பேசுவார்கள். ஆனால் அம்மா மட்டும் யாருக்கும் தெரியாமல் அக்கா வீட்டுத் தொலைபேசியிலிருந்து பேசுவாள். பேரப்பிள்ளை பிறந்ததும் கதவு ஒருக்களித்துத் திறக்கும். ஆற்றுப்படுத்துவோர் இந்த வீட்டை மூடிய வீடு என்று தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மணமக்களும் முதல் நாள் கேட்ட சொல்லையே கடைசிச் சொல்லாக எடுத்துக்கொண்டு எல்லாத் தொடர்பையும் அறுத்துவிட வேண்டாம். சத்தம் போடுகிற வீட்டில் உயிர் இருக்கிறது.

நான்காவது, மூடிய குடும்பம். இங்கே மானம் என்ற ஒன்று பிள்ளையின் உயிரைவிடப் பெரிதாகிவிடுகிறது. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், சாதி கடந்து மணந்த பட்டியலின இளைஞர் ஒருவர் நடுத்தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டதை நாம் தொலைக்காட்சியில் பார்த்தோம். அவர் மனைவியும் வெட்டுப்பட்டுப் பிழைத்தார். இத்தகைய வீட்டை நோக்கி, 'பொறுத்துப் போங்கள், பேசிப் பாருங்கள்' என்று மணமக்களைத் தனியே அனுப்புவது பெரும் பிழை. அச்சுறுத்தல் உள்ள இடத்தில் முதலில் காவல்துறை, பாதுகாப்பு. ஆற்றுப்படுத்தல் அதற்குப் பிறகுதான்.

திருவிவிலியத்தில் இப்படி ஒரு குடும்பச் சண்டை பதிவாகியிருக்கிறது. எண்ணிக்கை நூல் 12-ஆம் அதிகாரம். மோசே கூசு நாட்டுப் பெண்ணை, அதாவது எகிப்துக்குத் தெற்கே கறுப்பர் நாட்டிலிருந்து வந்த ஒருத்தியை மணந்திருந்தார். அதைக் காரணம் காட்டி அக்கா மிரியாமும் அண்ணன் ஆரோனும் அவருக்கு எதிராகப் பேசுகிறார்கள். கொஞ்சம் நிதானமாக வாசித்துப் பாருங்கள். மனைவியைப் பற்றித் தொடங்கிய பேச்சு அடுத்த வரியிலேயே வேறு இடத்துக்குத் தாவுகிறது. கடவுள் தம்பியோடு மட்டுமா பேசினார், எங்களோடும் பேசவில்லையா என்கிறார்கள். உண்மையான பிரச்சினை தலைமை யாருக்கு என்பது. அந்தப் பெண் நடுவில் இழுக்கப்பட்ட மூன்றாவது ஆள். அதிகாரம் முழுவதிலும் அவளுக்குப் பெயர் இல்லை, ஒரு வார்த்தை பேசவும் இடம் இல்லை. போவன் சொன்ன முக்கோணம் இதுவே. நம் வீடுகளிலும் புதிதாக வந்த மருமகளின் சாதியோ சமயமோ நிறமோ பேச்சில் அடிபடும்போது, கொஞ்சம் தோண்டினால் அடியில் சொத்து இருக்கும், அண்ணன் தம்பி பொறாமை இருக்கும், மகனை இழக்கிறோமோ என்ற தாயின் பயம் இருக்கும்.

அந்த நிகழ்ச்சியின் முடிவை நாம் அதிகம் கவனிப்பதில்லை. மிரியாமின் தோல் பனிபோல் வெளுத்துத் தொழுநோயாகிறது. மோசே அக்காவுக்காக மன்றாடுகிறார். ஏழு நாள் அவள் பாளையத்துக்கு வெளியே இருக்க வேண்டும். அந்த ஏழு நாளும் இஸ்ரயேல் மக்கள் பயணத்தைத் தொடரவில்லை, அவள் திரும்பி வரும்வரை காத்திருக்கிறார்கள். தப்புச் செய்தவளை விட்டுவிட்டு ஊர் நகரவில்லை. மருமகளை வதைத்த மாமியாரையும் குடும்பத்துக்குள் திரும்பச் சேர்க்கும் வரை சிகிச்சை முடிவதில்லை என்று மினூச்சினைப் படித்தவர்கள் இதற்கு உரை எழுதலாம்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் வெள்ளையரும் கறுப்பரும் மணப்பது பல மாநிலங்களில் குற்றமாகவே இருந்தது. 1947-இல் லாஸ் ஏஞ்சலசில் ஆன்ட்ரியா பெரஸ் என்ற மெக்சிக வம்சாவளிப் பெண்ணுக்கும் சில்வெஸ்டர் டேவிஸ் என்ற கறுப்பின இளைஞருக்கும் திருமண உரிமம் தர அரசு அலுவலகம் மறுத்தது. இருவரும் கத்தோலிக்கர். அவர்களுடைய வழக்கறிஞரும் கத்தோலிக்கர். அவர் வைத்த வாதம் இதுதான்: எங்கள் திருச்சபை இவர்களை மணக்க விடுகிறது, அரசு தடுத்தால் அது எங்கள் சமய உரிமையைத் தடுப்பது. 1948-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், 4 நீதிபதிகள் ஒருபக்கம் 3 நீதிபதிகள் மறுபக்கமாக, அந்தத் தடைச் சட்டம் செல்லாது என்றது. நாடு முழுவதும் இத்தகைய சட்டங்கள் விழ 1967 ஜூன் 12 வரை ஆனது. அன்றைக்கும் 16 மாநிலங்களில் அந்தச் சட்டம் இருந்தது.

பெரஸ், டேவிஸ் இருவரும் சுட்டிக்காட்டிய அதே திருச்சபைச் சட்டம்தான் நமக்கும். திருமணத் தடைகளின் பட்டியலில் வயது உண்டு, இரத்த உறவு உண்டு, முன்திருமணம் உண்டு. இனம் இல்லை, சாதி இல்லை. சமய வேறுபாடு உண்டு. அதற்கு வழியும் உண்டு. சி.எஸ்.ஐ. போன்ற வேறு சபையில் திருமுழுக்குப் பெற்றவரை மணக்க ஆயரின் அனுமதி வேண்டும். திருமுழுக்குப் பெறாதவரை மணக்க, தடையிலிருந்து விலக்கு வேண்டும். விசுவாசத்தைக் காப்பேன், பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுக்க என்னால் ஆனதைச் செய்வேன் என்று வாக்குக் கொடுப்பது கத்தோலிக்கர் மட்டுமே. மற்றவருக்கு அதைத் தெரியப்படுத்த வேண்டும், அவ்வளவுதான். அவரிடம் கையெழுத்து வாங்குவது பழைய வழக்கம். 1970-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அதை மாற்றிவிட்டார். 'உன் வீட்டுக்காரர் மதம் மாறினால்தான் கோவிலில் கல்யாணம்' என்று இன்றும் யாராவது உங்களிடம் சொன்னால், நேரே பங்கு இல்லத்துக்கு வாருங்கள்.

சட்டம் திறந்திருந்தும் நாம் சுவர் கட்டியதுண்டு. புனித தேவசகாயம் 1745-இல் திருமுழுக்குப் பெற்ற வடக்கன்குளம், நம் எல்லையைத் தாண்டினால் வந்துவிடும். அவர் மனைவி பார்கவி அம்மாள் உறவினருக்கு அஞ்சி முதலில் தயங்கினார். பிறகு ஞானப்பூ என்று பெயர் பெற்றார். சில காலமாவது அந்த வீடும் இரு சமய வீடுதான். அதே வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த ஆலயத்தில், இரு சமூகத்தாரும் ஒருவரையொருவர் பார்க்காமல் பலி காண்பதற்காக இரண்டு தனித்தனி நடைகளும் நடுவே தடுப்பும் அமைத்தார்கள். வெளிநாட்டவர் அதைக் 'கால்சட்டைக் கோவில்' என்றே எழுதினார்கள். கோவிலின் பெயரோ திருக்குடும்பம். 1910-இல் தடுப்பு இடிக்கப்பட்டது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது, சுவர் மறுபடி எழவில்லை.

இந்தப் பெரியவர்கள் சண்டையில் பிள்ளைகளுக்கு வருகிறேன். 1993-இல் மரியா ரூட், கலப்பினத்தில் பிறந்தவர்களுக்காக 12 உரிமைகளை எழுதினார். உலகெங்கும் பரவிய பட்டியல் அது. அதன் சாரத்தை என் சொல்லில் சொல்கிறேன். நான் ஏன் பிறந்தேன் என்று நான் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. எனக்குள் இருக்கும் இரண்டு பக்கத்தையும் நான் பிரித்து வைத்துக்கொள்ளத் தேவையில்லை. என் அப்பா என்னைச் சொல்வதைப் போலவோ என் தங்கை தன்னைச் சொல்லிக்கொள்வதைப் போலவோ நான் என்னைச் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. இன்று ஒருவிதமாகவும் வளர்ந்தபின் வேறுவிதமாகவும் நான் என்னை உணரலாம். 2000-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான், முதன்முறையாக ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தைக் குறிக்க இடம் தரப்பட்டது. ஏறத்தாழ 68 லட்சம் பேர் அப்படிக் குறித்தார்கள். அதுவரை அவர்கள் அப்பாவையோ அம்மாவையோ படிவத்திலிருந்து அடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்கள்.

'நீ அப்பா பக்கமா, அம்மா பக்கமா?' என்று அடியந்திர வீட்டில் ஒரு மாமா வேடிக்கையாகக் கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். பிள்ளையும் சிரிக்கும். அந்தக் கேள்வியைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். புனித பவுல் தம் பிள்ளையாக நேசித்த திமொத்தேயு இத்தகைய வீட்டுப் பிள்ளைதான். தாய் யூனிக்கி யூதப்பெண், தந்தை கிரேக்கர். பாட்டி லோயி. பேரனின் விசுவாசத்துக்கு வேர் அந்தப் பாட்டியிடம் இருந்தது என்று பவுல் பெயர் சொல்லி எழுதுகிறார். ஒரு கிரேக்கரைத் தன் மகள் மணந்தபோது அந்தப் பாட்டி கதவைச் சாத்தியிருந்தால், பேரனோடு அந்த நெருக்கம் எங்கிருந்து வந்திருக்கும்?

நம் திருமணத் தயாரிப்புப் பயிற்சியில் இந்த ஆண்டு முதல் ஒரு பயிற்சியைச் சேர்க்க நினைக்கிறேன். மெக்கோல்ட்ரிக் பரப்பிய குடும்ப வரைபடம் அது. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். மூன்று தலைமுறையை ஒரே தாளில் வரைய வேண்டும். யாருக்கும் யாருக்கும் சண்டையோ அங்கே நெளிகோடு. பேச்சுவார்த்தை அற்றுப்போன இடத்தில் கோட்டை நடுவில் வெட்டிக் காட்ட வேண்டும். மணமக்கள் இருவரும் தனித்தனியே வரைந்து, பிறகு பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். சாதி மாறாத, சமயம் மாறாத வீடுகளிலும் வெட்டிய கோடுகள் இருக்கும் என்பது அப்போது தெரியும். பெரும்பாலும் ஓர் அத்தையோ சித்தப்பாவோ அந்தத் தாளில் வராமல் விடுபட்டிருப்பார்கள். 'இவர் எங்கே?' என்று கேட்டால், 'அவங்க வேற மாதிரி கல்யாணம் பண்ணிட்டாங்க' என்று பதில் வரும். துஷ்டி வீட்டுக்குக்கூட அவர்களுக்குச் சொல்லி அனுப்பியிருக்க மாட்டார்கள்.

வீட்டில் ஒருவருக்குத் தூக்கம் போய், உணவு போய், உயிரை மாய்க்கும் பேச்சு வந்தால், வரைபடம் வரைந்துகொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, உடனே அங்கே போங்கள். மற்றபடி பேசித் தீர்க்க வேண்டிய காரியம் என்றால், பங்கு இல்லத்துக்கு வரலாம். வரும்போது பிரச்சினை உள்ளவர் என்று நீங்கள் நினைக்கும் ஒருவரை மட்டும் முன்னால் தள்ளிக் கொண்டுவர வேண்டாம். எல்லோரும் வாருங்கள், மருமகளும் மாமியாரும், வயிற்றுவலிக்காரப் பையனும். கோவிலுக்குள் வர விருப்பமில்லாத இந்துப் பெரியவர் இருந்தால் முற்றத்து வேப்பமரத்தடியில் நாற்காலி போடலாம். நடக்க முடியாத பாட்டி இருந்தால் நான் வீட்டுக்கு வருகிறேன். சனிக்கிழமை மாலை திருப்பலிக்குப் பிறகு எனக்கு வசதி.